இடக்கை முடிச்சு

சாய்ந்தமருதில் கருவாட்டுச் சபூறாவைப் பகைத்துக்கொண்டவர்கள் எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். நிம்மதியாக இருக்கிறார்களா என்பது வேறு விஷயம். கடற்கரை வீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற ஹாஜியார் ஒருவர் எப்போதோ ஒரு நாள் அவளுடைய கூடையைக் காலால் தள்ளி, "இந்த நாத்தத்த அங்கால கொண்டு போ" என்றுவிட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தக் கடைக்கு எதிரே கிடக்கும் தன் வளவில்தான் சபூறா கருவாடு காயப்போடுகிறாள். சேலைத் தலைப்பைத் தூக்கிப் பிடித்து, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பாயை விரிப்பாள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஹாஜியார் முன்கதவைச் சாத்திவிட்டுப் பின்கதவால் வியாபாரம் பண்ணுகிறார், பாவம்.

விட்டுக்கொடுங்களேன், மன்னித்துவிடுங்களேன் என்று யாராவது சொல்லப் போனால் அவளிடம் ஒரே பதில்தான் உண்டு. "மன்னிக்கிறது அல்லாஹ்ட வேலை. அவன்ட வேலையில நான் என்னத்துக்குக் கை போட?"

இப்படிப்பட்டவளுக்குச் சம்பந்தியாக வந்து சேர்ந்தாள் உம்மு. ஊரே வேடிக்கை பார்க்கத் தயாராகிவிட்டது.

உம்மு மீன்பிடிக் குடும்பத்துப் பெண். புருஷன் மவுத்தான பிறகு கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்து மகன் ஹாதிக்கை வளர்த்தாள். சோறு தின்பதைத் தவிர மற்ற வேலை எல்லாம் அவளுக்கு இடக்கைதான். வலைக்காரர்கள் பகிடி பண்ணுவார்கள், ஆனால் அவள் போட்ட முடிச்சை அவிழ்க்கச் சுறாவாலும் ஏலாது என்று கூலிக்கு அவளைத்தான் தேடி வருவார்கள். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்களுக்கு நடக்கும் பயானில், அந்த மார்க்கப் பேச்சில், அவளுக்கு முன்வரிசை. பயான் முடிந்ததும் தன் பங்குக்கு இன்னொரு பயான் வைக்காமல் எழும்ப மாட்டாள். தாயத்து ஷிர்க்கு, அல்லாஹ்வுக்கு இணை வைக்கிற பாவம், ஓதிக் கட்டுவது ஷிர்க்கு, தகடு ஷிர்க்கு என்று அடுக்குவாள். கேட்கிற பெண்கள் தங்கள் கழுத்தைத் தாங்களே தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

சபூறாவின் ஒரே மகள் நிப்லாவுக்குக் கலியாணம் நடந்த அன்று, பெண்ணின் மணிக்கட்டில் ஓதின நூல் ஒன்று கிடந்தது. தாய் கட்டிய நூல். கூடியிருந்த அத்தனை பெண்களுக்கும் முன்னால் உம்மு கத்தரிக்கோலை எடுத்து வரச் சொல்லி, அதை வெட்டி, குப்பைக்குள் போட்டாள். "என்ட மருமகள்ட உடம்புல ஷிர்க்கு இரிக்கக் கூடா" என்றாள். சபூறா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கலியாண வீடாயிற்றே என்று பொறுத்தாள். பொறுத்தாள் என்றால் மறந்தாள் என்று அர்த்தமில்லை.

அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். ஹாதிக் வந்தான். நல்ல பொடியன், வாய் மட்டும் இல்லை. அவன் யாரோ ஒருவருடைய லொறியில் கூலிக்கு மீன் ஏற்றிக்கொண்டு திரிந்தவன். தன் மருமகன் இன்னொருத்தன் வாகனத்தில் கூலி ஓட்டக் கூடாது என்று சபூறா கழுத்தில் கிடந்ததையும் காதில் கிடந்ததையும் விற்று, கல்முனையில் பழைய வாகனங்கள் விற்கிற ஜவாதிடம் ஒரு டீசல் பிக்கப் வாங்கிக் கொடுத்தாள். வாங்குவதற்கு முன் தானே அதில் ஏறி உட்கார்ந்து அக்கரைப்பற்று வரைக்கும் போய் வந்தாள். பழைய வண்டிதான், ஆனால் ஓட்டம் பட்டு மாதிரி இருந்தது. ஹாதிக் அதைத் தன் உம்மாவுக்குக் காட்டக் கொண்டு போனான். ஒரு பகல் முழுக்க அது உம்முவின் வளவில் நின்றது.

பிறகுதான் அந்த நடுக்கம் தொடங்கியது.

மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. வேகம் அறுபதைத் தாண்டியதும் இருக்கை உதறத் தொடங்கும். எழுபதில் கண்ணாடியில் தெரிகிற மோட்டார் சைக்கிள் இரண்டாகத் தெரியும். பின்னால் ஐஸ் போட்ட மீன் பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போடும். ஹாதிக் டயரை மாற்றினான். சில்லுகளைச் சமன் பார்த்தான். எஞ்சின் உட்கார்ந்திருக்கிற ரப்பர்களை மாற்றினான். போன கராஜில் எல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நடுக்கம் அப்படியே இருந்தது.

உம்முவுக்குக் கதைக்க விஷயம் கிடைத்துவிட்டது. பயான் முடிந்த கையோடு சொன்னாள்: "சந்தூக்குக்குச் சில்லு பூட்டி என்ட மகனுக்குக் குடுத்திரிக்காங்க." பிணம் தூக்குகிற சந்தூக்குப் பெட்டியை மருமகனுக்குச் சீராகக் கொடுத்தவள் என்ற பெயர் கல்முனைக்குடி வரைக்கும் போனது. அதோடு விட்டாளா? மகனைக் கூப்பிட்டு, "அந்த வண்டிக்கு ஒரு முடிவு வாற வரைக்கும் அந்த வீட்டுல நீ படுக்கக் கூடா" என்று சத்தியம் வாங்கிவிட்டாள். ஹாதிக் பிக்கப்பைச் சபூறாவின் வாசலில் நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, உம்மா வீட்டுக்கு நடந்து போனான். வயிற்றில் பிள்ளையோடு நிப்லா கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை வீட்டை விட்டுப் போவது என்றால் அந்தத் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான், பெண்ணை விட்டுவிட்டான் என்பது.

சபூறாவுக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. யாரில் காட்டுவது? ஜவாதில்தான். நேரே கல்முனைக்குப் போய், வாகனம் பார்க்க ஆட்கள் நிற்கிற நேரம் பார்த்துக் குரலை எடுத்தாள்.

"டேய் ஜவாத்! மய்யித்துக்குக் கபன் துணி விக்கிறவன் கூட ஏமாத்தாம விக்கிறான். என்ட மகள்ட வாழ்க்கைய வித்துட்டியேடா!"

"ராத்தா, வல்லாஹி எனக்கு ஒண்டும் தெரியா" என்றான் ஜவாத். "நீங்களும்தானே அக்கரைப்பற்று வரைக்கும் வந்தீங்க. அண்டைக்கு நடுங்கிச்சா?"

"அண்டைக்கு மட்டும் நடுங்காம என்னத்தையோ செஞ்சு வச்சிரிக்காய்."

"என்னத்த ராத்தா செய்ற?"

"அதத்தான் கண்டுபிடிக்கப் போறன். கண்டுபிடிச்சு, அதையே கழுத்துல மாட்டி, செஞ்சவனப் பள்ளி வாசல்ல நிறுத்தாட்டி நான் சபூறா இல்ல!"

நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஒரு லொறி பார்க்க வந்தவன் அப்படியே கிறுகித் திரும்பிப் போய்விட்டான்.

பாண்டிருப்பில் கராஜ் வைத்திருக்கிற கிசோக்கைக் கூட்டி வந்தாள். கெட்டிக்காரன்தான், ஆனால் வாய் அதைவிடக் கெட்டி. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான், டயரில் ஒரு உதை உதைத்தான்.

"கிளச் பிளேட்டுத்தான் அக்கா. நூறு வீதம்."

"ஓட்டாமலே சொல்றீங்களே தம்பி. வாங்க, நானும் வாறன்."

ஊர் என்ன கதைக்கும் என்று நிப்லா முணுமுணுத்தாள். ஊர் கதைக்கிறதுக்கு இனி என்ன மிச்சமிருக்கிறது என்று சபூறா ஏறி உட்கார்ந்தாள். கிட்டங்கிப் பக்கம் போகச் சொன்னாள். வயலுக்கு நடுவால் சொறிக்கல்முனை போகிற றோட்டு அது. அந்த நேரத்தில் அங்கே ஆள் நடமாட்டம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை வண்டியின் தரையில் வைத்தாள். ஒரு கையை முன்பலகையில் வைத்தாள்.

வேகம் அறுபது. பாதத்துக்குக் கீழே அது தொடங்கியது. எழுபதில் அவளுடைய பல் கிடுகிடுத்தது.

"பாத்தீங்களா அக்கா, கிளச்தான்."

"அப்ப கியர நடுவுக்கு எடுத்துட்டுச் சும்மா உருள விடுங்க பாப்பம்."

கிசோக் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அப்படியே செய்தான். எஞ்சின் சத்தம் தணிந்தது. வண்டி தன் பாட்டில் உருண்டது. நடுக்கம் குறையவே இல்லை.

"இப்ப எஞ்சினும் கிளச்சும் சும்மாதானே இரிக்கி? அப்ப அதுகள்ள குத்தமில்ல. அதுகள விட்டுருங்க" என்றாள் சபூறா.

கருவாட்டு வியாபாரத்தில் அவள் செய்கிற வேலைதான் இது. கூடைகளுக்குள் எங்கோ ஒன்று பழுதாகி நாறினால் எல்லாவற்றையும் கொட்ட மாட்டாள். ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்து, கடைசியில் மிஞ்சுகிறதைப் பிடிப்பாள். நாறுகிறதைப் பிடித்துவிட்டால் பிறகு அதை விற்றவனைப் பிடிப்பாள். ஜவாதின் கழுத்து அவளுக்கு இப்போதே கண்ணில் தெரிந்தது.

கிசோக்குக்கும் ரோசம் வந்துவிட்டது. இனி அவனும் சும்மா சொல்லவில்லை. "ஸ்டியறிங் ஆடல்ல அக்கா. முன்பலகையில நடுக்கமிருக்கா?"

"இல்ல. காலுக்குள்ளதான்."

"அப்ப முன் சில்லுகளும் இல்ல." வண்டியை ஓரம் கட்டி, நின்ற இடத்திலேயே எஞ்சினை முறுக்கிப் பார்த்தான். வண்டி அசையவில்லை. கராஜுக்குப் போய்ப் பின் சில்லுகளை முன்னுக்கும் முன்னதைப் பின்னுக்கும் மாற்றிப் பூட்டி, மறுபடியும் ஓட்டினார்கள். நடுக்கம் முன்னுக்கு வரவில்லை. அதே இடத்தில், நடுவில், காலுக்குக் கீழே.

"மறுகா என்ன மிச்சம்?" என்றாள் சபூறா.

"சாப்ட்" என்றான் கிசோக், மெதுவாக.

எஞ்சினிலிருந்து வருகிற சுழற்சியைப் பின் சில்லுகளுக்குக் கொண்டுபோகிற நீளமான இரும்புக் குழாய் அது. வண்டியின் வயிற்றுக்கடியில் நடுவில் ஓடுவது. கிசோக் பின்பக்கத்தை ஜக்கில் தூக்கி, அடியில் கட்டை கொடுத்து, கீழே படுத்தான். குழாயின் இரண்டு முனைகளிலும் இருக்கிற இணைப்புகளைப் பிடித்து ஆட்டினான். இறுக்கமாகத்தான் இருந்தன. மற்றக் கராஜ்காரர்களும் அதைத்தான் ஆட்டிப் பார்த்துவிட்டு எழும்பியிருப்பார்கள். இவன் எழும்பவில்லை. எஞ்சினை இயக்கி, பின் சில்லுகள் அந்தரத்தில் சுழலும்போது ஒரு சோக்குக் கட்டியைக் குழாய்க்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்தான். நேரான குழாய் என்றால் கோடு சுற்றிவர விழ வேண்டும். இதில் ஒரே ஒரு பக்கத்தில்தான் சோக்குப் பட்டது.

எஞ்சினை நிறுத்திவிட்டு, டீசலில் நனைத்த பிறஷால் அந்த இடத்தைத் தேய்த்தான். மண்ணும் கிறீசும் மீன் தண்ணியும் சேர்ந்து பிடித்திருந்த அழுக்கு உரிந்தது. உள்ளே ஒரு தடிப்பு. கறுத்த ரேப் நாடா. நாடாவை உரித்தான். சுற்றுச் சுற்றாக நைலோன் நூல். நூலுக்குள்ளே பச்சைத் துணி. பச்சையைக் கண்டதும் கிசோக் கையை இழுத்துக்கொண்டான்.

"அக்கா, இது உங்கட ஆக்கள்ட சாமான். ஓதிக் கட்டினது. நான் தொட மாட்டன்."

"வெட்டிராதீங்க!" என்று கத்திவிட்டுச் சபூறா கராஜ் பைப்படிக்குப் போனாள். கையையும் முகத்தையும் காலையும் கழுவி ஒழுச் செய்துகொண்டு வந்தாள். சாக்கைப் போட்டு, பிஸ்மி சொல்லிக்கொண்டு, அந்த வயதில் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தாள். வெட்டக் கூடாது, உள்ளே அல்லாஹ்வின் பெயர் இருந்தால்? விரலால்தான் அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு அசையவில்லை.

அப்போதுதான் முடிச்சை உற்றுப் பார்த்தாள். அது வலை முடிச்சு. பிறந்ததிலிருந்து கடற்கரையில் திரிகிறவளுக்கு அது தெரியாதா? ஆனால் எல்லாருடைய முடிச்சிலும் நூல் வலப்பக்கமாகச் சுற்றிப் போகும். இது இடப்பக்கமாகச் சுற்றிப் போயிருந்தது.

நூல் போன வழியிலேயே விரலை ஓட்டி, மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். கிசோக் பயந்துபோய், "அக்கா? என்னக்கா?" என்று குனிந்தான்.

"ஒண்டுமில்ல" என்றாள் சபூறா. கீழே படுத்தபடியே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

நகத்தால் கிளறி, பல்லால் கடித்து, ஒரு மாதிரி அவிழ்த்து எடுத்தாள். துணிக்குள் ஓதின தகட்டுக் கூடு ஒன்று இருந்தது. மழைத்தண்ணி படாமலிருக்க, வலையின் அடியில் கட்டுகிற ஈயத்தைத் தட்டிப் பரப்பி, அதற்கு மேல் கனமாகச் சுற்றியிருந்தது. கடற்கரை ஆட்கள் எதை மூடினாலும் ஈயத்தால்தான் மூடுவார்கள். கையில் வைத்தால் ஒரு பெரிய ஊரிச் சிப்பியின் பாரம். சபூறா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூட்டை அவள் திறக்கவில்லை.

"வேற எங்க கட்டியிருந்தாலும் ஒண்டுமில்ல அக்கா" என்றான் கிசோக். "சுத்துற சாமான்ல ஒரு பக்கம் மட்டும் ஈயத்தக் கட்டினா, வேகம் கூடக் கூட வண்டியத் தூக்கி உதறும். ஆர் இத..."

"ஆரெண்டு எனக்குத் தெரியும் தம்பி. நீங்க கண்டத வெளியில கதைக்காதீங்க. சாப்ட்டுல மண் ஒட்டிக் கிடந்த எண்டு சொல்லுங்க."

திரும்பி வரும்போது வேகம் எண்பது போனது. அவளுடைய வெறுங்காலுக்குக் கீழே தரை அசையவே இல்லை. மடியில் அந்த ஈயக்கூடு கிடந்தது. சபூறா வழியெல்லாம் கணக்குப் போட்டாள். நாளைக்கு வெள்ளி. நாளைக்குப் பயான். முன்வரிசையில் உம்மு உட்கார்ந்திருப்பாள். அத்தனை பெண்களுக்கும் நடுவில் இதை அவள் கழுத்தில் போட வேண்டும். நூலை வெட்டினாயே, இது என்ன என்று கேட்க வேண்டும். அல்லாஹ்வின் பெயரை மீன் தண்ணி சொட்டுகிற இடத்தில் கட்டித் தொங்கவிட்டாயே என்று கேட்க வேண்டும். உம்மு அதற்குப் பிறகு அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடப்பாளா? நினைக்க நினைக்கச் சபூறாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

வாசலில் நிப்லா நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"சரி வந்திட்டா உம்மா? இனி அவர் வருவாரா?"

சபூறாவுக்கு அந்த இடத்தில்தான் கால் நின்றது. உம்முவை ஊருக்கு முன்னால் நாறடித்தால் ஹாதிக் வருவானா? பெற்ற தாயைச் சந்தி சிரிக்க வைத்தவளின் வீட்டு வாசலை எந்த மகன் மிதிப்பான்? கையில் இருக்கிற பழியை எறிந்தால் அது நேரே போய் விழுகிற இடம் நிப்லாவின் தலை. பிறந்ததிலிருந்து இப்படியொரு நல்ல பழி அவளுக்குக் கிடைத்ததில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் ஏலாது. 

"வருவார். நான் போய்க் கூட்டிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, வந்த கால் ஆறாமல் உம்முவின் வீட்டுக்கு நடந்தாள்.

உம்மு முற்றத்தில் வலையைக் கால்விரலில் மாட்டி இழுத்துப் பிடித்துப் பொத்திக்கொண்டிருந்தாள். சபூறா எதிரில் குந்தினாள். மச்சி முறையான சம்பந்திக்குச் சலாம் சொன்னாள். பிறகு அவிழ்த்த நைலோன் நூலை வலையின் மேல் போட்டாள்.

"மச்சி, இந்த முடிச்சுப் போட்ட கை ஆருட கை எண்டு சொல்லுங்க பாப்பம்."

உம்முவின் கையிலிருந்த வலை ஊசி கீழே விழுந்தது.

"வண்டிய நடுங்க வச்சது ஜவாதுமில்ல, டயருமில்ல. நீங்க. சந்தூக்கு எண்டு சொன்னீங்களே மச்சி, அந்தச் சந்தூக்க ஆட்டிக்கிட்டிரிந்தது உங்கட இடக்கை. என்ட மகள்ட நூல் ஷிர்க்கு, உங்கட ஈயக்கூடு ஹலாலா?"

உம்மு கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். உள்ளே ஹாதிக் தூங்கிக்கொண்டிருந்தான். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"வண்டிட நடுவுல, ஒருத்தர்ட கண்ணும் படாத இடத்துல கட்டச் சொன்னாரு ஓதிப் பாக்கிற பரிசாரி. நானேதான் கீழ பூந்து கட்டின. அது சுத்துற குழாய் எண்டு எனக்கு எப்புடித் தெரியும் மச்சி? நிண்ட வண்டில அது சும்மாதானே கிடந்த."

"பயான்ல ஒண்டு, வண்டிக்கடியில ஒண்டு. ஏன் மச்சி?"

உம்மு நூலை எடுத்து விரலில் சுற்றினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"சுனாமி வந்த அண்டைக்கு, ஹாதிக்குக்கு மூத்தவன் என்ட இந்தக் கையிலதான் இரிந்தான். நான் இறுக்கித்தான் பிடிச்சன். கை விட்டுப் போச்சு. பயான்ல சொல்றதெல்லாம் சரிதான், எனக்கும் தெரியும். ஆனா இவன் வண்டி எடுத்தாப் போல என்ட கை சும்மா இரிக்குதில்ல. எதையாவது கட்டச் சொல்லுது."

 சபூறாவுக்குக் கோபம் இன்னும் கூடியது. பழி வாங்க வந்த இடத்தில் ஒருத்தி இப்படிக் கதைக்கலாமா?

"நான் அழ வரல்ல மச்சி" என்றாள். "கட்டினதுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. கட்டிட்டு, என்ட சீரச் சந்தூக்கு எண்டு ஊரெல்லாம் சொன்னீங்க பாருங்க, அதுக்கு விடமாட்டன். இண்டைக்கு மஃரிபுக்கு முன்னால மருமகன் என்ட வீட்டுல இரிக்கணும். நாளைக்கு நீங்க அந்தப் பிக்கப்புல முன்னால ஏறி உட்காந்து என்னோட கல்முனைக்கு வரணும். ஜவாதுட்ட, எல்லாரும் கேக்க, வண்டி நல்ல வண்டி, நாங்கதான் பிழையாக் கதைச்ச எண்டு சொல்லணும்."

"ஜவாத ஏசினது நீங்கதானே?"

"நான் ஏசினத்துக்கும் சேத்து நீங்க மாப்புக் கேளுங்க."

உம்மு அவளை முறைத்தாள். முறைத்து என்ன செய்ய?

"அந்தக் கூட்டத் தாங்க மச்சி."

"அது என்கிட்டயே இரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சபூறா எழும்பினாள்.

எல்லாம் அவள் சொன்னபடியே நடந்தது. ஹாதிக் வந்தான். கல்முனையில் உம்மு, முகம் கடுகடுவென்று, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். ஜவாத் ஒன்றும் விளங்காமல் இரண்டு பேருக்கும் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தான்.  சபூறா சீனி போதாது என்று மட்டும் சொன்னாள்.

பழி அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அடுத்த வெள்ளியிலிருந்து சபூறா பயானில் முன்வரிசைக்குப் போய், உம்முவுக்கு எதிரே உட்காரத் தொடங்கினாள். மடியில் கைப்பை. உம்மு வழக்கம்போல, "இந்தத் தாயத்து, தகடு..." என்று தொடங்குவாள். சபூறா கைப்பையின் ஸிப்பைக் கொஞ்சமாக இழுப்பாள். கிர்ர் என்று ஒரு சத்தம். உம்மு அப்படியே பேச்சை மாற்றி, பிள்ளைகள் போன் பார்க்கிற விஷயத்துக்குப் போய்விடுவாள். ஒவ்வொரு கிழமையும் சபூறாவுக்கு அந்தக் கிர்ர் ஒரு பெருநாள். பயானே கேட்காதவள் பயானைத் தவறவிடுவதில்லை. உம்மு மெலிந்துகூடப் போனாள் என்று பெண்கள் கதைத்தார்கள். சபூறாவுக்கு அதைக் கேட்டு இரண்டு பிடி சோறு கூட இறங்கியது.

மாரி தொடங்கியது. ஒரு நாள் மீன் ஏற்றிக்கொண்டு கிட்டங்கி றோட்டால் உட்பக்க ஊர்களுக்குப் போன ஹாதிக் அஸருக்கு வர வேண்டியவன் மஃரிபு பாங்கு சொல்லியும் வரவில்லை. போன் வேலை செய்யவில்லை. கிட்டங்கி றோட்டுக்கு மேலால் வெள்ளம் பாய்கிறது, ஒரு வாகனத்தைத் தண்ணி இழுத்துவிட்டது என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். என்ன வாகனம் என்று கேட்பதற்குள் ஆள் போய்விட்டான். நிப்லா உள்ளே யாசீன் ஓதினாள்.  சபூறா கைப்பையைத் தோளில் மாட்டியபடி, ஒரு கையால் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் நின்றாள். குடையோடு உம்மு வந்து பக்கத்தில் நின்றாள்.  உம்முவின் இடக்கை முந்தானை நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தது.

தெரு முனையில் வெளிச்சம் திரும்பியது. பிக்கப்தான். சேறு அப்பியிருந்தது, ஆனால் ஆடாமல் அசையாமல் வந்து வாசலில் நின்றது. ஹாதிக் தலை துவட்டிக்கொண்டே இறங்கி, தண்ணி வத்தும் வரைக்கும் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்ததாகச் சொன்னான். அதுவரைக்கும் மருமகனிடம் கதவு மறைவில் நின்று மட்டுமே கதைத்த சபூறா, முகத்துக்கு நேரே போய், "ஒரு சொல்லுச் சொல்லி அனுப்ப ஏலாதா மகன்!" என்று ஏசினாள்.  அவன் திகைத்துப்போய் உள்ளே போனான்.

"மச்சி" என்றாள் உம்மு.

"என்ன?"

"கையத் தளத்துங்க. ஈயம் நெளிஞ்சிரும்."

சபூறா குனிந்து பார்த்தாள். எப்போது எடுத்தாளோ, கைப்பை திறந்து கிடந்தது. அவளுடைய வலக்கைக்குள் அந்த ஈயக்கூடு இருந்தது. விரல்களை விரித்தாள். மென்மையான ஈயத்தில் அவளுடைய விரல்களின் அச்சு பள்ளம் பள்ளமாக விழுந்திருந்தது. யாசீன் தொடங்கியதிலிருந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"இந்தாங்க! உங்கட சாமான நீங்களே வச்சிக்கங்க" என்று அதை உம்முவிடம் நீட்டினாள்.

உம்மு வாங்கவில்லை. குடையைச் சுருக்கித் தண்ணியை உதறினாள்.

"உங்கள்ட்டயே இரிக்கட்டும் மச்சி. ரெண்டு பேருக்கும் ஒண்டு போதும்" என்றாள். சொல்லிவிட்டு, மருமகள் ஊற்றுகிற தேத்தண்ணியைக் குடிக்க, சொந்த வீடு போல உள்ளே நடந்தாள்.

 வாய்ச்சண்டையில் சபூறா பதில் இல்லாமல் நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதற்குப் பழி வாங்காமல் விடமாட்டேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் கைப்பையை வீட்டில் வைத்துவிட்டுத்தான் பயானுக்குப் போகிறாள்.